ஈரக் காலோடு ஹட்டன் வரை

தவமணி டீச்சர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் அவர்மீது கோபமாக இருந்தேன். நுவரெலியா மரக்கறிச் சந்தையில் லீக்ஸ் வாங்கிக்கொண்டு நின்ற நேரம். மூன்று நாட்களாக என் அழைப்பை எடுக்காதவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "இப்பதான் எங்க ஞாபகம் வந்திச்சாக்கும்" என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினேன். மறுமுனையில் அவருடைய கணவர் சுப்பிரமணியம். "சேர், நான் பேசுறேன். விடியக்காலையில டீச்சர் நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க சேர்" என்றார். மனைவியை இழந்த மனிதரின் காதில் நான் போட்ட முதல் சத்தம் அது. லீக்ஸ் கட்டைக் கையில் பிடித்தபடியே ராகலை பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். மரண வீட்டு வாசலில் யாரோ அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தபோதுதான் தெரிந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். "டீச்சரோட அன்பு, அடக்கம், பொறுமை பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சேர்" என்று கேட்டார்கள். அன்பு சரி. அடக்கமும் பொறுமையும் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியாது. இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவரோடு பழகியவர்கள். ஒருமுறையாவது அவரிடம் "வேண்டாம் டீச்சர்" என்று சொல்லி, அது பலித்த ஆள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். நான் பதினெட்டு வருடம் ஒரே பாடசாலையில் அவரோடு வேலை செய்தவன். அவர் மனையியல், நான் கணிதம். எனக்கு ஒருமுறைகூடப் பலித்ததில்லை.

நாற்பத்தேழு வயதில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சத்திரசிகிச்சை, மருந்து, முடி கொட்டியது எல்லாவற்றையும் ஆசிரியர் அறையில் சமையல் குறிப்புச் சொல்வதைப்போலச் சொல்லிக்கொண்டிருப்பார். எங்களுக்குத்தான் சாப்பாடு இறங்காது. குணமாகி வந்த பிறகு டொக்டர் நடக்கச் சொன்னாராம். நடந்தார். நடப்பது போதாது என்று ஓடத் தொடங்கினார். பாடசாலை விட்டதும் தேயிலை மலையைச் சுற்றும் கிறவல் ரோட்டில் இந்த அம்மா ஓடுவதைப் பார்த்து, நாய் துரத்துகிறதென்று நினைத்துக் கல்லெடுத்துக்கொண்டு ஓடி வந்தவர்கள் உண்டு.

ஒருநாள் இடைவேளையில் வந்து, "சேர், ராகலையிலருந்து ஹட்டன் வரைக்கும் ஒரே நாள்ல ஓடப் போறேன்" என்றார். எழுபது கிலோமீட்டருக்கு மேல். எதற்கு என்று கேட்டேன். புற்றுநோயிலிருந்து குணமான தோட்டத்துப் பெண்களை மாதம் ஒருமுறை கண்டிக்குக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒரு வேன் வேண்டும், அதற்குக் காசு சேர்க்கத்தான் என்றார். குணமானவர்களும் வருடக்கணக்கில் கிளினிக் போய்க் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். தோட்டத்தில் அது நடப்பதில்லை. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. பஸ் மாறி மாறிக் கண்டிக்குப் போய்வர ஒரு பகல் முழுவதும் போய்விடும். அதைவிடப் பெரிய தடை, எங்கே போகிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்.

கடைக்காரர்களுக்குக் கடிதம் எழுதினால் போதுமே, ஏன் ஓட வேண்டும் என்று கேட்டேன். ஒரு தாளை எடுத்து அவருடைய வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் போட்டு, பதின்மூன்று மணித்தியாலம் ஆகும், ஐம்பத்துமூன்று வயதில் இது பைத்தியக்காரத்தனம் என்று கணக்கோடு காட்டினேன். தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "கணக்க நீங்க பாருங்க சேர், கால நான் பாக்குறேன்." அவ்வளவுதான். அடுத்த வாரமே என்னுடைய பழைய வேன் அவருக்குப் பின்னால் வருவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். என்னிடம் கடைசியாகத்தான் சொன்னார்.

ஓட்டத்துக்கு முன்பு ஒரு கூட்டம் வைத்தார். புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் வாருங்கள் என்று கோயில் மண்டபத்தில் அறிவித்தார். கதிரை போட்டோம், வடை சுட்டார், தேநீர் கொதித்தது. ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? எங்கள் பக்கத்தில் அந்த நோய்க்குப் பெயரே இல்லை, "அந்த வருத்தம்" என்பார்கள். தாய்க்கு அந்த வருத்தம் என்று தெரிந்தால் மகளைப் பெண் கேட்டு வர மாட்டார்கள். இதை நானே அவரிடம் முன்பே சொன்னேன். காலிக் கதிரைகளைப் பார்த்தபடி வடை தின்றுகொண்டு, "ஆளே இல்லாத வேனுக்கு எதுக்கு டீச்சர் ஓடுறீங்க?" என்று கேட்டேன். தேநீரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு, "ஆள் இருக்காங்க சேர். எங்க இருக்காங்கனுதான் தெரியல" என்றார். அன்றைக்குத்தான் அவர் குரல் இறங்கிக் கேட்டேன்.

அடுத்தது அந்தச் சட்டை. வெள்ளை டீ-சேர்ட்டில் நீல எழுத்து அடியுங்கள் என்று நூறு தரம் சொல்லியிருந்தேன். ஓட்டத்தன்று காலையில் பார்த்தால் நல்ல மஞ்சள் நிறம். "மஞ்சள்தான் மலிவா கெடச்சிச்சு" என்றார். கோயிலில் பூசாரி நெற்றி நிறையத் திருநீறு பூசி, கழுத்தில் ஒரு மாலையையும் போட்டு அனுப்பிவைத்தார். அதற்கு முன்தினம் கோயில் ஒலிபெருக்கியில் டீச்சர் ஓடப்போவதை அறிவித்திருந்தார்கள். புற்றுநோயிலிருந்து குணமானவர்களுக்காக டீச்சர் ஓடுகிறார் என்று எங்கள் தோட்டத்தில் சொன்ன செய்தி, அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது, நோய் குணமானதற்கு டீச்சர் நேர்த்தி வைத்து ஓடுகிறார் என்று ஆகியிருந்தது. மஞ்சள் சட்டை, திருநீறு, மாலை. பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

காவடி எடுத்து வருகிறவருக்கு எங்கள் பெண்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட தண்ணீரைக் குடத்தில் வைத்துக்கொண்டு, வரிசை வீடுகளான லயத்து வாசலில் காத்திருப்பார்கள். வந்ததும் காலில் ஊற்றி, குனிந்து தொட்டுக் கும்பிடுவார்கள். கந்தப்பளைக்கு முன்னால் முதல் குடம் அவர் சப்பாத்துக்குள் இறங்கியது. அந்தக் குளிரில், காலை ஆறு மணிக்கு, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர்! எழுபது கிலோமீட்டர் ஓடப்போகிற காலுக்கு ஈரத்தைவிடப் பெரிய எதிரி கிடையாது. நான் வேனிலிருந்து குதித்து ஓடி, இது நேர்த்தி இல்லை, காசு சேர்க்கிற ஓட்டம் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குடம் விழுந்தது. டீச்சர் நின்ற இடத்தில் நின்று, எல்லோரும் ஊற்றி முடிக்கும்வரை காலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

நுவரெலியா வருவதற்குள் நான்கு இடத்தில் நின்றுவிட்டார். நான்கு முறையும் வேனை நிறுத்தி, காலுறை மாற்றி, காலைத் துடைத்து, மருந்துப் பஞ்சு ஒட்டினேன். கடவுள் நம்பிக்கை இல்லாத எனக்குக் கிடைத்த திருப்பணியைப் பாருங்கள். ஹட்டனில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர்தான் அவருக்கு இரண்டு சோடி இலவசமாகக் கொடுத்திருந்தார். நிலைமையைப் போனில் சொன்னேன். "டீச்சர்கிட்ட சொல்லுங்க மாஸ்டர், நான் குடுத்தது ஓடுற சப்பாத்து, நீந்துற சப்பாத்து இல்ல" என்றார். சொன்னேன். சிரித்தார். "கோவப்படுங்க சேர், ஆனா வண்டிய நிப்பாட்டாம வாங்க" என்றார்.

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது அவர் நிற்கிற நேரம். சிலர் சட்டென்று ஊற்றிவிட்டு எழுந்துவிடுவார்கள். சிலர் காலைப் பிடித்தால் விடுவதில்லை. இவரும் விலக மாட்டார். குனிந்து, அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்துக்கொண்டு, சாமி வந்தவரைப்போல நிற்பார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். மாலையில் ஹட்டனில் வரவேற்பு இருந்தது. பிரதம விருந்தினர் இருந்தார். டீச்சருக்கு உண்மையிலேயே அருள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நானுஓயா தாண்டி இறங்கும்போது இரண்டு குதிகாலும் தோல் உரிந்துவிட்டது. அவர் நொண்டுவதை வேன் கண்ணாடி வழியாகப் பார்க்க எனக்கு முடியவில்லை. லிந்துலைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் இன்னொரு லயம் திரண்டு நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. வேனை வேகமாக ஓட்டி முன்னால் போய் இறங்கினேன். "யாரும் தண்ணி ஊத்தக்கூடாது. டொக்டர் சொல்லியிருக்காரு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று பாடசாலைக் குரலில் சத்தம் போட்டேன். எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை, நான் சொன்ன பொய் அது. மாஸ்டர் சொன்னால் எங்கள் சனம் கேட்கும். குடங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு செம்பு. "ஒரு சொட்டு மட்டும் ஐயா" என்றார். "ஒரு சொட்டும் வேணாம், போங்கம்மா" என்றேன். செம்புத் தண்ணீரைத் தேயிலைத் தூரில் ஊற்றிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

டீச்சர் வந்தார். வளைவில் ஈ காக்கை இல்லை. காய்ந்த காலுறையோடு நான் பெருமையாக நின்றேன்.

"இங்க யாரும் இல்லையா சேர்?"

"இருந்தாங்க. நான்தான் அனுப்பிட்டேன்."

"எத்தன பேரு?"

"பத்துப் பதினஞ்சு பேர் இருக்கும். ஒரு அம்மா போகவே மாட்டேன்னு நின்னாங்க. அவங்களயும் அனுப்பிட்டேன்."

அவர் அப்படியே மதகுக் கட்டில் உட்கார்ந்தார். அந்தப் பதினெட்டு வருடத்தில் அவர் என்மீது கோபப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"காலையிலருந்து ஆறு பேரு சேர். காலப் புடிச்சிக்கிட்டு மெதுவா சொல்றாங்க. எனக்கும் எடுத்தாங்க டீச்சர், மூணு வருஷமா கிளினிக் போகலங்கறாங்க. ஒருத்தி, எம் புருஷனுக்கே கட்டினு மட்டுந்தான் தெரியும்ங்கறா. மண்டபத்துல கதிர போட்டுக் கூப்பிட்டா வந்தாங்களா? நிமிந்து நின்னா பேச மாட்டாங்க சேர். குனிஞ்சாத்தான் பேசுறாங்க. குனியிறதுக்கு அவங்களுக்கு ஒரு காலு வேணும். அந்தக் காலத்தான் நீங்க தொடச்சித் தொடச்சி விடுறீங்க."

அந்தப் பெண் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டார். மேலே காட்டினேன். இந்த இடத்தில் மற்ற எந்த மனிதராக இருந்தாலும் சரி, போகட்டும் என்று ஹட்டனைப் பார்த்து ஓடியிருப்பார். இவர் உரிந்த காலோடு லயத்துக்கு மலையேறினார். வாசல் வாசலாகக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று குடித்தார். முக்கால் மணித்தியாலம் போனது. செம்போடு வந்த அம்மா எந்த வாசலிலும் இல்லை. அடுத்த லயமோ, தோட்டத்தின் வேறு டிவிசனோ, தெரியவில்லை. என்ன பெயர் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? முகம் எப்படி என்று கேட்டார். அதையும் நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு தலவாக்கலை வரையும் அதைத் தாண்டியும் விழுந்த ஒரு குடத்தையும் நான் தடுக்கவில்லை. ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பிரதம விருந்தினருக்கு வேறு வைபவம் இருந்ததாம். ஓடி வந்தவர் வருவதற்கு முன்பே, ஓடி வந்ததற்கான பாராட்டுக் கூட்டம் முடிந்து, பொன்னாடையையும் யாரோ ஒரு பிரமுகருக்குப் போர்த்தி அனுப்பிவிட்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் மேடையில் இருந்த கதிரை ஒன்றை உதைத்தேன், என் கால்தான் வீங்கியது. நானா மட்டும் கடையைப் பூட்டாமல் காத்திருந்தார். டீச்சர் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றியபோது மஞ்சள் தண்ணீரும் இரத்தமும் கலந்து வடிந்தன. நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டியபடி, "பதினொரு பேரு சேர்" என்றார். வேனுக்குத் தேவையான காசும் சேர்ந்திருந்தது. அதை அவர் கேட்கவே இல்லை.

அந்த வேன் இரண்டு வருடமாக ஓடுகிறது. மாதம் ஒருநாள், ராகலைப் பக்கத்தில் தொடங்கி லிந்துலை வரை போய், சொன்ன சொன்ன சந்தியில் ஆளேற்றிக்கொண்டு கண்டிக்குப் போகும். என்ன வேன் என்று கேட்பவர்களுக்குக் கோயில் பயணம் என்று ஒரு பதில் தயாராக இருந்தது. பெண்களின் பெயர்களை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதுங்கள், நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும் என்று மாதாமாதம் சண்டை போட்டேன். "அவங்க என் காதுலதான் சொன்னாங்க சேர், தாள்ல சொல்லல" என்பார். ஒவ்வொரு பயணத்திலும் லிந்துலை வளைவில் ஐந்து நிமிடம் வேனை நிறுத்துவார். செம்போடு வந்த அம்மாவுக்காக. அந்த ஐந்து நிமிடமும் நான் வெளியே பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

கடைசிப் பயணத்தன்று அவருக்குக் காய்ச்சல். போகாதீர்கள் என்று நான் சொன்னேன், கணவர் சொன்னார், வேன் சாரதிகூடச் சொன்னார். அந்தமுறை புதிதாக ஒரு பெண் வருகிறார், தான் இல்லாவிட்டால் ஏற மாட்டார் என்றார். வாயைத் துணியால் மூடிக் கட்டிக்கொண்டு, யாருக்கும் தொற்றக்கூடாதென்று முன் சீட்டில் கண்ணாடியைத் திறந்துவிட்டு, அந்தக் குளிர் காற்றில் கண்டி வரை போய் வந்தார். எல்லோரையும் கிளினிக் வரிசையில் உட்காரவைத்தவர், அதே கட்டடத்தில் தன்னை ஒரு டொக்டரிடம் காட்டவில்லை. நியூமோனியா. நாலாம் நாள் முடிந்துவிட்டது. மரண வீட்டில் பாதிப் பேர் அந்த வருத்தம் திரும்ப வந்துவிட்டது என்றார்கள், பாதிப் பேர் ஓடினதால்தான் என்றார்கள். இரண்டும் இல்லை. பிடிவாதம். அதற்கு மருந்து இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது.

சுப்பிரமணியம் அண்ணன் அந்தச் சப்பாத்தை என்னிடம் கொடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டேன். பொருளை வைத்து நான் என்ன செய்வது?

போன கிழமை, அவர் இல்லாத முதல் பயணம். பெயர்ப் பட்டியல் இல்லை, முன்னைய பயணங்களிலும் பெண்கள் பக்கம் திரும்பாமலே இருந்த எனக்கு முகமும் தெரியாது. நான் முன் சீட்டில் ஏறினேன். முதல் சந்தியில் நின்றோம். கடை ஓரத்தில் மூன்று நான்கு பெண்கள் நின்றார்கள். இறங்கி, அவர்களை நேரே பார்த்து, "கிளினிக்குக்கு வர்றவங்க வாங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. ஒருவர் கடைக்குள் போய்விட்டார். எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது. அவர்மீதுதான். எழுதி வைத்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா? பிறகு, என்ன நினைத்தேனோ தெரியவில்லை, முழங்கால் வலியோடு வேனின் பின் டயர் பக்கத்தில் குந்தி, காற்றுப் பார்ப்பதைப்போல டயரை அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு இழுபடும் சத்தம் கேட்டது. "சேர், ரெண்டாவது சந்தியிலயும் இப்படியே குந்துங்க. அங்க மூணு பேரு ஏறுவாங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் சொன்னது. யாருடையது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆக, டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். அந்த வேனும், மதகுக் கட்டில் உட்கார்ந்து அவர் கொடுத்த ஏச்சும், என் தப்பும். மலர்க் குழுவினர் கேட்ட இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டேன், இன்னும் நாலு வரி பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மலர் லிந்துலைப் பக்கமும் போகும் என்றார்கள். அதனால் இதை இங்கேயே எழுதுகிறேன். வளைவில் நான் திருப்பி அனுப்பிய அம்மா, டொக்டர் சொன்னதாக நான் சொன்னது பொய். என்னை மன்னிக்க வேண்டியதில்லை. மாதத்தின் முதல் புதன்கிழமை காலையில் வேன் அங்கே நிற்கும், ஐந்து நிமிடம் இல்லை, நீங்கள் இறங்கி வரும் நேரம் வரைக்கும். பெயர் சொல்ல வேண்டாம். நான் டயரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.